பெரிய கப்பாசிற்றர் பூட்டினால் தீருமா?

கேள்வி: அரிசி ஆலை மோட்டர்களுக்கு வேகக் கட்டுப்பாட்டு ட்ரைவ் பூட்டியதிலிருந்து, மின்கட்டணத்தைக் குறைக்கப் போட்ட கப்பாசிற்றர்கள் வீங்கி வெடிக்கின்றன. இன்னும் பெரியவை பூட்டலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம். அது கோளாறை வளர்க்கக்கூடும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ட்ரைவின் முகப்பிலுள்ள ஆறு டயோட்டுகள் அலையின் உச்சிகளில் மட்டும் மின்னோட்டத்தை இழுப்பதால் 250, 350 ஹேர்ட்ஸ் ஹார்மோனிக்குகள் பிறக்கின்றன. அதிர்வெண் கூடும்போது கப்பாசிற்றரின் தடை குறையும். எனவே அவை அதற்குள் எளிதாகப் பாய்ந்து அதைச் சூடாக்குகின்றன. கப்பாசிற்றரும் ட்ரான்ஸ்போமரும் அந்த அதிர்வெண்களில் ஒத்ததிர்ந்தால் மின்னோட்டம் பல மடங்காகும். பெரிய கப்பாசிற்றர் ஒத்ததிர்வைக் கீழிறக்கி, பொதுவாக வலிமை கூடிய 250 ஹேர்ட்ஸிலேயே கொண்டுவந்து நிறுத்தலாம்.

உச்சக் கேள்விக்கு கேவிஏ கணக்கில் பணம் கட்டும்போது கப்பாசிற்றரை எப்படிக் கழற்றுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இத்தகைய ட்ரைவ் வழியே ஓடும் மோட்டருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. நேரடியாக ஓடுபவற்றுக்கு மட்டும் கணக்கிடுங்கள். அவற்றுடன் 7 சதவீத றியாக்டரைத் தொடராக இணைத்தால் ஒத்ததிர்வு 189 ஹேர்ட்ஸுக்கு இறங்கி, 250-ஐ விட்டு விலகிவிடும். றியாக்டர் மின்னழுத்தத்தை உயர்த்துவதால், அதைத் தாங்கும் கப்பாசிற்றரே வேண்டும். ஒவ்வொரு ட்ரைவின் முன்னும் 3 சதவீத சோக் பூட்டினால் ஹார்மோனிக்குகள் பிறக்கும் இடத்திலேயே குறையும். குறை வெளி லைனில்தான் என்று சிலர் சொல்லலாம். கப்பாசிற்றர்களைத் துண்டித்துவிட்டு, ட்ரைவ்கள் நின்றபோதும் ஓடும்போதும் அளந்தால் உண்மை தெரியும். அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.