கூடுதல் மாடியா? காரணத்தை எழுதிக் கொடுங்க!

பாளையங்கோட்டை பெருமாள்புரம் மாதிரி ஒரு தெருவை மனசுல வச்சுக்கோங்க. எல்லாம் தனி வீடுகள். ஒருத்தர் தன் 10 சென்ட் மனையில இருக்கிற பழைய வீட்டை இடிச்சுட்டு 12 ஃபிளாட் கட்ட நினைக்கிறார். விதிப்படி அவ்வளவு கட்ட முடியாது. அதனால அரசுகிட்ட விலக்கு கேட்கிறார். தெருக்காரங்க, "தண்ணி எங்க இருந்து வரும்? வண்டியை எங்க நிறுத்துவீங்க?"ன்னு எதிர்க்கிறாங்க. அவரோ, "வாடகை ஏறிக்கிட்டே போகுது, இன்னும் நாலு குடும்பம் குடியிருந்தா என்ன?"ங்கிறார். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. இன்ஜினியரிங் படிக்கிற நாம இதை எப்படிப் பார்க்கணும்?

முதல்ல கணக்கு

எல்லா மாடிகளோட பரப்பையும் கூட்டி மனைப் பரப்பால வகுத்தா வர்றதுதான் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. 10 சென்ட்னா 4,356 சதுர அடி. சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு பொதுவா 1.5 அனுமதி, அதாவது 6,534 சதுர அடி. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை 2 ஆக்கியது. இப்போ 8,712 சதுர அடி கட்டலாம். ஒரு ஃபிளாட் 1,089 சதுர அடின்னு வச்சா, சரியா 8 ஃபிளாட். நம்ம ஆள் கேட்கிற 12-க்கு எஃப்.எஸ்.ஐ. 3 வேணும். சாலை அகலமா இருந்தா, கட்டணம் கட்டிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்க விதியிலேயே வழி இருக்கு. குறுகலான தெருவுல இருக்கிறவருக்குத்தான் விலக்கு தேவைப்படுது.

விலக்கு யாருக்கு?

அமெரிக்காவில் இதுக்குப் பேர் 'வேரியன்ஸ்'. மனை முக்கோணமா இருக்கு, விதிப்படி பக்கவாட்டு இடம் விட்டா வீடே கட்ட முடியாதுன்னா, அது நிலத்தால வர்ற கஷ்டம். அதுக்கு விலக்கு தரலாம். லாபம் குறையும்ங்கிறது மட்டும் காரணம் ஆகாது.

நம்ம ஊர்ல இதுக்கு 1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 113. எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும், தனக்குச் சரின்னு படுற நிபந்தனைகளோட, அரசு விலக்கு தரலாம்னு அது சொல்லுது. எப்போ தரணும், எப்போ தரக்கூடாதுன்னு ஒரு வரிகூட அதுல இல்லை.

இந்தப் பிரிவையும், இதன்கீழ் தரப்பட்ட 62 விலக்கு ஆணைகளையும் எதிர்த்து சென்னையைச் சேர்ந்த கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் உச்ச நீதிமன்றம் போனது. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு. பிரிவு செல்லும், ஆனா அந்த 62 ஆணைகளும் செல்லாது! அதிகாரம் எவ்வளவு பெருசா இருந்தாலும், சட்டத்தோட நோக்கத்துக்கு உட்பட்டு, காரணத்தோடதான் அதைப் பயன்படுத்தணும்ங்கிறதுதான் அந்தத் தீர்ப்போட சாரம்.

அதே வழக்கில் பிரிவு 113-ஏ-யும் வந்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டினவங்க பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கலாம்னு சொன்ன பிரிவு அது. ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடுன்னு நீதிமன்றம் அதை ஏத்துக்கிட்டது. ஆனா அரசு அதை நீட்டிச்சுக்கிட்டே போனது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. அப்புறம் 2012-ல் பிரிவு 113-சி வந்து, 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்கு மறுபடியும் கதவைத் திறந்தது. விதிப்படி இடம் விட்டுக் கட்டினவர் ஏமாளி ஆனதுதான் மிச்சம்.

அப்போ ஃபிளாட்டே வேண்டாமா?

இல்லை. இங்கதான் நாம கவனமா இருக்கணும். ஊர் மேல வளரலைன்னா பக்கவாட்டுல வளரும். எங்க? வயல்லயும் குளத்து ஓரத்துலயும்தான். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதுன்னு 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டிய அளவுக்கு அது போயிருந்தது.

எங்க ஊர் கொற்கை. பாண்டியர் காலத்துல துறைமுகம். இன்னைக்குக் கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கு. சுத்தி நெல்லும் வாழையும். 2023 டிசம்பர் வெள்ளத்துல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை கொட்டுச்சு, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தனித்தீவு ஆச்சு. வெள்ளத்துக்கு நிற்க இடம் கொடுக்கிறது வயலும் குளமும்தான். அதுலயும் கல்லு நட்டு மனை போட்டா, அடுத்த தடவை தண்ணி எங்க போகும்? அதனால டவுனுக்குள்ள ஒரு குடும்பத்துக்கு முறையா இடம் கிடைச்சா, இங்க கொஞ்சம் வயல் தப்பிக்குது.

சண்டையை எண்ணா மாத்துங்க

அந்தக் கூடுதல் 4 ஃபிளாட்டை எடுத்துக்கலாம். வீட்டுக்கு 4 பேர், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறது வழக்கமான அளவு. மொத்தம் 2,160 லிட்டர். அதுல 80 சதவீதம், அதாவது 1,728 லிட்டர், கழிவுநீரா வெளிய வரும். இப்போ கேளுங்க:

1. தெருக் குழாய்ல இந்த 2,160 லிட்டர் வருமா, இல்ல பக்கத்து வீட்டு போர் வத்துமா?
2. சாக்கடைக் குழாய் இந்த அளவைத் தாங்குமா?
3. கார்கள் நின்னா, தீயணைப்பு வண்டி உள்ள வர முடியுமா?
4. விலக்குக்கான காரணம் நிலத்துல இருக்கா, லாபத்துல இருக்கா?

நாலுக்கும் பதிலை எழுதி, தெருக்காரங்க படிக்கிற மாதிரி வெளியிட்டுட்டு விலக்கு தரட்டும், இல்ல மறுக்கட்டும். "எங்க தெரு அமைதி போயிடும்"ங்கிறது மட்டும் மறுப்புக்குப் போதாது. அதே மாதிரி, "மேலிடத்துல பேசியாச்சு"ங்கிறது விலக்குக்கும் போதாது.

இன்னும் சில வருஷத்துல இந்த பிளான்கள்ல கையெழுத்துப் போடப் போறவங்க நம்மள்ல சிலபேர் இருப்போம். அந்தப் பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் காலியா இருந்தா, பேனாவை மூடி வச்சிருங்க.