ஐம்பதாயிரத்தை இரண்டு பங்குகளுக்குப் பிரிக்கும் கணக்கு

கையில் 50,000 ரூபாய். இரண்டு நிறுவனங்களின் பங்குகளை வாங்குவதென்று முடிவாகிவிட்டது. எதில் எவ்வளவு போடுவது என்பதை ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதமே சொல்லிவிடும். எந்தப் பங்கு நல்ல பங்கு என்பதை மட்டும் அது சொல்லாது.

முதல் வேலை, செலவை எடுத்து வைப்பது. டெலிவரியில் வாங்கினால் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம். 50,000-க்கு இரண்டும் சேர்ந்து 57 ரூபாய் 50 காசு. தரகு அதிகமில்லாத இடமென்றால் எல்லாவற்றுக்கும் 200 ரூபாய் போதும். மீதி 49,800.

அடுத்து, முதல் பங்கில் போடும் பணத்தை 'க' என்றும், இரண்டாவதில் போடும் பணத்தை 'ம' என்றும் வையுங்கள். பணத்தை என்கிறேன், பங்குகளின் எண்ணிக்கையை அல்ல. முதலாவதில் இரண்டு மடங்கு போட விருப்பமென்றால்:

க + ம = 49,800
க = 2ம

ஆக, 3ம = 49,800. ம = 16,600; க = 33,200.

விலை முறையே 430, 1,240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதே 'இரண்டு மடங்கை' எண்ணிக்கையில் பிடித்தால் என்ன ஆகும்? 46 பங்குக்கு 23 பங்கு வரும். முதலாவதில் 19,780 ரூபாய், இரண்டாவதில் 28,520. எதில் அதிகம் போட நினைத்தோமோ அதில் குறைந்துவிட்டது! பலர் சறுக்குவது இங்கேதான்.

இனி விலையால் வகுக்க வேண்டும். நம் சந்தையில் அரைப் பங்கு, கால் பங்கு கிடையாது, பின்னத்தை வெட்டிவிடுங்கள். முதலாவது 77, இரண்டாவது 13. மிச்சம் 570 ரூபாய். அதில் முதல் பங்கு இன்னொன்று வாங்கலாம். விகிதம் 2.08 ஆகும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

மடங்குக்குப் பதிலாக டிவிடெண்டை வைத்தும் பிரிக்கலாம். முதலாவது போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 1 சதவீதம், இரண்டாவது 4 சதவீதம் தருவதாகவும், உங்களுக்கு 1,200 ரூபாய் வேண்டுமென்றும் கொள்வோம். 0.01க + 0.04ம = 1,200. இருபுறமும் நூறால் பெருக்கினால் க + 4ம = 1,20,000. இதில் முதல் சமன்பாட்டைக் கழித்தால் 3ம = 70,200. ம = 23,400; க = 26,400.

ஆசையை 2,200 ரூபாய்க்கு ஏற்றிப் பாருங்கள்: 'க' எதிர்மறை எண்ணாகிவிடும். மொத்தப் பணத்தையும் இரண்டாவதிலேயே கொட்டினாலும் 1,992-க்கு மேல் வராது என்று அதற்கு அர்த்தம். போன ஆண்டு தந்த டிவிடெண்டை இந்த ஆண்டும் தருவார்கள் என்பதும் உறுதியில்லை.

ஆர்டர் போடும்போது லிமிட் விலை கொடுத்து, விலை கூடிய பங்கை முதலில் வாங்குங்கள். அது என்ன விலைக்கு முடிந்தது என்று பார்த்து, மீதிப் பணத்தை 430-ஆல், அல்லது அந்த நேரத்து விலையால், மறுபடி வகுத்துக்கொள்ளலாம்.