மட்டை போய் மைக் வந்தது

வாஷியில் மின்ரயில் ஏறுங்கள். குர்லாவில் இறங்கி வண்டி மாறுங்கள். அடுத்தது சயான். அதற்கு அடுத்தது மாட்டுங்கா. தமிழர்களுக்குப் பழக்கமான இடம். அங்கே டான் பாஸ்கோ பள்ளி இருக்கிறது. அதில் படித்த ஒருவரின் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். டி.வி.யில் கிரிக்கெட் ஓடும்போது கணீரென்று ஒலிக்கும் குரல். அவர் ரவி சாஸ்திரி.

சாஸ்திரி 1962-ல் பம்பாயில் பிறந்தார். 1981-ல் இந்திய அணி நியூசிலாந்தில் ஆடிக்கொண்டிருந்தது. பந்துவீச்சாளர் ஒருவருக்குக் காயம். சாஸ்திரிக்கு அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 18. பந்து வீசத்தான் அவரை அழைத்தார்கள். மட்டை பிடிக்கப் பத்தாவது ஆளாகத்தான் இறங்கினார். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. மட்டை பிடிக்கப் பழகினார். இரண்டே ஆண்டுகளில் முதல் ஆளாக இறங்கினார். கராச்சியில் 128 ஓட்டம் எடுத்தார்.

1985 ஜனவரி 10. பம்பாய் வான்கடே மைதானம். பரோடா அணியுடன் ஆட்டம். ஓர் ஓவரில் ஆறு பந்து. ஆறும் சிக்சர்! அதற்கு முன் மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸ் மட்டுமே பெரிய ஆட்டத்தில் அப்படி அடித்திருந்தார்.

1992 ஜனவரியில் சிட்னியில் சாஸ்திரி 206 ஓட்டம் எடுத்தார். அதற்குப் பிறகு முழங்கால் அவரை விடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஆடியதே கடைசி டெஸ்ட். 1994-ல் ஆட்டத்தையே விட்டார். முப்பது வயதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை. மூட்டை தூக்குபவருக்கு இடுப்பு போனால் என்ன ஆகும்? அதே நிலைதான். உடம்பை நம்பிய பிழைப்பு முடிந்தது.

1995-ல் மைக்கைப் பிடித்தார். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வதற்கு நேர்முக வர்ணனை என்று பெயர். இது எளிய வேலை அல்ல. வானொலி கேட்பவருக்கு மைதானம் தெரியாது. பந்து எங்கே போனது, யார் ஓடினார், எல்லாம் சொல்ல வேண்டும். டி.வி. பார்ப்பவருக்கு அது கண்ணெதிரே தெரிகிறது. அவருக்கு ஏன் என்று சொல்ல வேண்டும். பந்து ஏன் திரும்பியது? ஆள் ஏன் தள்ளி நிற்கிறார்? சில நேரம் பேசாமல் இருக்கவும் தெரிய வேண்டும். வர்ணனையாளர் காதில் ஒரு கருவி இருக்கும். நிகழ்ச்சியை நடத்துபவர் அதில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். அதையும் கேட்க வேண்டும், பேச்சும் தடுமாறக் கூடாது.

2007-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் யுவராஜ் சிங் ஓர் ஓவரில் ஆறு சிக்சர் அடித்தார். அப்போது மைக்கில் இருந்தவர் யார் தெரியுமா? அதே சாஸ்திரிதான்!

1983 உலகக் கோப்பை அணியில் அவர் இருந்தார். ஆனால் இறுதி ஆட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. 2011 ஏப்ரல் 2 அன்று வான்கடேயில் தோனி கடைசி சிக்சரை அடித்தார். கோப்பை மறுபடியும் இந்தியாவுக்கு வந்தது. அந்தச் செய்தியை உலகுக்குச் சொன்னது சாஸ்திரியின் குரல். 2017 முதல் 2021 வரை இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். பிறகு மறுபடியும் மைக்குக்கே வந்துவிட்டார்.

பேசுங்கள், எழுதுங்கள்:
உங்கள் தெருவில் உடம்புக்கு முடியாமல் தொழில் மாறியவர் யார்? பழைய தொழிலில் கற்றது எது அவருக்குப் புதிய தொழிலில் உதவியது? ஐந்து வரி எழுதுங்கள்.