முதல் அட்டை முட்டை

அன்புக் கண்ணுக்கு,

அத்தை எழுதுவது. சேலத்தில் வேலைக்குப் போகிறாய், வருகிறாய். "எதுக்காக இருக்கேன்னே தெரியலைங்க அத்தை" என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், ஜப்பான் சமையல் கற்க ஆசை, வீட்டில் சிரிக்கிறார்கள் என்றும் இருந்தது. எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது.

நாமக்கல்லில் பிறந்தவன் நீ, ஜப்பானிய முட்டைச் சுருளிலிருந்தே தொடங்கு. மூன்று முட்டையை நுரை கிளம்பாமல் கலக்கு. மூன்று கரண்டி தாஷி என்னும் சாறு, துளி சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை. எண்ணெய் தடவிய சட்டியில் மெல்லிசாக ஊற்றி, மேலே ஈரம் இருக்கும்போதே சுருட்டி ஓரம் தள்ளு. மறுபடி எண்ணெய், மறுபடி ஊற்று. சுருளைச் சற்றே தூக்கிப் பிடித்தால் புது முட்டை அதன் அடியிலும் ஓடிப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் கிழியும், தாமதித்தால் மடிப்புகள் ஒட்டாமல் பிரியும். நான் பழகியபோது, பண்ணையில் மலிவாகக் கிடைத்த விரிசல் முட்டை ஓர் அட்டை வாங்கினேன். முப்பது முட்டை, பத்துச் சுருள். ஒன்றும் நேராக வரவில்லை. அடுத்த அட்டையில்தான் கைக்குப் பதம் தெரிந்தது. அன்று முழுக்க எனக்கு வேறெந்த நினைப்பும் இல்லை, கண்ணு.

டோக்கியோவில் ஜிரோ ஓனோவின் சுஷிக் கடையில் தொழில் பழகிய டைசுகே நகசாவா, 2011-ல் வந்த ஆவணப்படத்தில் சொல்கிறார்: 200 தடவைக்கு மேல் முட்டை செய்தும் எதுவும் தேறவில்லை, ஒருநாள் குரு சரி என்றதும் அழுதுவிட்டாராம். பிற்பாடு நியூயார்க்கில் கடை வைத்தார். அந்த 200 நடக்கும்போது அவர் வாழ்வின் பொருளைத் தேடியிருக்க மாட்டார், அடுத்த முட்டையைத்தான் நினைத்திருப்பார் என்று நம்புகிறேன். எதற்காக வாழ்கிறோம் என்பதைக் குறிக்கும் இகிகாய் என்ற ஜப்பானியச் சொல்லை நாம் பெரிய லட்சியம் என்று எண்ணுகிறோம். ஜப்பானியர் பேரப்பிள்ளைக்கும் தோட்டத்துச் செடிக்கும்கூட அதைச் சொல்கிறார்கள்.

முட்டையில் சேர்க்கும் தாஷிக்குக் கொம்பு என்னும் கடற்பாசி வேண்டும். 1908-ல் கிகுனாயே இகேடா அதிலிருந்துதான் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். கூடவே வேகவைத்து, புகையிட்டு, கல்லாகக் காயவைத்த சூரை மீனைச் சீவிப் போடுவார்கள். மாலத்தீவில் செய்து, இலங்கையில் சம்பலில் விழுகிற மாசிக் கருவாடு அதற்கு நெருங்கிய உறவு. அந்நியச் சமையல் என்று சிரிப்பவர்களிடம் இதைச் சொல்.

மாசி ஒரு துண்டு வரவழைத்து வைத்திருக்கிறேன். மிக்ஸியில் போட்டுவிடாதே, அம்மியில் தட்டித்தான் உடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு முன்னே வந்துவிடு.

அன்புடன்,
அத்தை