பாஸ்க் மொழியின் எண்ணுப்பெயர்களும் கணிப்பொறியும்

ஒரு மொழியின் எண்ணுப்பெயர்கள் அம்மொழியினரின் பழைய கணக்கு முறையைத் தம்முள் பொதிந்து வைத்துள்ளன. ஸ்பெயினின் வடகோடியிலும் அதனை ஒட்டிய பிரான்சுப் பகுதியிலும் வழங்கும் பாஸ்க் மொழி இதற்குத் தக்க சான்றாகும். ஐரோப்பாவின் வேறு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி அது. இலக்கத்தில் எழுதிய எண்ணை அம்மொழியின் சொற்களாக மாற்றித் தரும் மென்பொருளை அமைப்போர் எவ்வகை இலக்கண நுட்பங்களை எதிர்கொள்கின்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பாஸ்க் மக்கள் இருபதின் அடிப்படையில் எண்ணுபவர்கள். ஹோகெய் என்பது 20. பெர்ரோகெய் 40, ஹிருரோகெய் 60, லாவ்ரோகெய் 80. இவற்றின் இடைப்பட்ட பத்துகளுக்குத் தனிப்பெயர் இல்லை. 30 என்பது 'இருபதும் பத்தும்' எனப் பொருள்படும் ஹோகெய்தா ஹமார். 77 என்பது 'மூவிருபதும் பதினேழும்'. பிரெஞ்சு மொழியும் 80-ஐ 'நான்கு இருபது' என்றே சொல்லும். ஆயினும் அம்மொழி 30, 40, 50, 60 ஆகியவற்றுக்குத் தனிச்சொற்களைக் கொண்டுள்ளது. பாஸ்க் மொழியோ இருபது முதல் தொண்ணூற்றொன்பது வரை இம்முறையிலிருந்து வழுவுவதில்லை.

கணிப்பொறிக்கு இது நல்வாய்ப்பாகும். எண்ணை இருபதால் வகுத்து, ஈவுக்கு நான்கு சொற்களில் ஒன்றை எடுத்து, மீதி இருப்பின் 'தா' என்னும் இணைப்பை ஒட்டி, மீதிக்குரிய சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். 99-ஐ வகுத்தால் ஈவு 4, மீதி 19; விடை லாவ்ரோகெய்தா ஹெமெரெட்ஸி.

ஆனால் இருபதுக்கு உட்பட்ட எண்களை அவ்வாறு விதியால் ஆக்கிவிட இயலாது. ஹமார் (10) என்பதோடு பி (2) சேர்ந்து ஹமாபி (12) ஆகிறது. 18-இலும் 19-இலும் 'ஹமா' என்னும் முதனிலை 'ஹெமெ' எனத் திரிகிறது. 11-க்கு உரிய ஹமாய்கா என்னும் சொல்லில் ஒன்றைக் குறிக்கும் 'பாத்' காணப்படவே இல்லை. இச்சொல்லுக்கு 'எண்ணிலடங்காத' என்ற பொருளும் பேச்சில் உண்டென்பது சுவையான செய்தி. நாற்பதிலும் இருநூறிலும் (பெர்ரேஹுன்) இரண்டைக் குறிக்கும் பி வாராது. 'பெர்' என்னும் முன்னொட்டே வருகிறது. ஆகவே இவற்றையெல்லாம் அட்டவணையாகவே பொறிக்குத் தந்துவிட வேண்டும். தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவற்றைப் புணர்ச்சி விதியால் நிறுவ முற்படும் தமிழ் மாணவர்க்கு இந்த இடர்ப்பாடு புதிதன்று.

நூறுக்கு மேற்பட்ட எண்களில் 'உம்' என்னும் பொருளுடைய 'எதா' என்ற இணைப்புச் சொல்லே பெருஞ்சிக்கல். நூறுக்கும் அதன் பின்வரும் எண்ணுக்கும் இடையே அது வரும்: 101 என்பது ஏஹுன் எதா பாத். ஆயிரத்தை அடுத்தோ, நிலைமைக்கேற்ப வரும் அல்லது வாராது. 1900 என்பது மிலா எதா பெதெராட்ஸிஏஹுன். 1968 என்றால் மிலா பெதெராட்ஸிஏஹுன் எதா ஹிருரோகெய்தா ஸோர்ட்ஸி. இங்கே ஆயிரத்தின் பின்னர் 'எதா' இல்லை, நூறின் பின்னரே உள்ளது. ஆகவே நிரல் எழுதுவோர் ஆயிரம் போக எஞ்சிய பகுதியை முதலில் சோதிக்க வேண்டும். அது நூறுக்குக் குறைந்ததாகவோ முழு நூறாகவோ இருந்தால் மட்டும் 'எதா' இடுதல் முறை. இடமிருந்து வலமாகச் சொற்களை அடுக்கிச் செல்லும் எளிய நிரல் இவ்விடத்தில் தவறிவிடும்.

மில்லியனில் மற்றொரு புதுமை உண்டு. இரண்டு மில்லியன் 'பி மிலியோய்'. ஒரு மில்லியனோ 'மிலியோய் பாத்' எனச் சொல் முறை மாறி நிற்கும். 'ஒரு வீடு' என்பதையும் அவர்கள் 'வீடு ஒன்று' என்ற முறையிலேயே சொல்வர் என்பதை அறிந்தால் இது வியப்பளிக்காது. ஆயிரத்திற்கு 'பாத்' அறவே வேண்டுவதில்லை; மிலா என்றாலே போதும்.

மேற்சொன்ன 1968-ஐ நாம் எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணமுண்டு. வட்டார வழக்குகளாகப் பிரிந்து கிடந்த இம்மொழிக்கு ஒரு பொது எழுத்துவழக்கினை வகுக்கும் பணி அவ்வாண்டில் அரான்ட்ஸாஸூ என்னுமிடத்தில் கூடிய பாஸ்க் மொழிக் கழகத்தின் மாநாட்டில் தொடங்கிற்று. கோல்தோ மிட்செலேனா என்னும் மொழியறிஞர் அதற்கு வழிகாட்டினார். ஃபிராங்கோ ஆட்சி 1975-இல் முடியும் வரை அரசு அலுவலகங்களில் இடம்பெறாதிருந்த மொழி, 1979-ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தால் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் ஸ்பானியத்தோடு ஆட்சிமொழி ஆயிற்று. ஆட்சிமொழியான பின் தொகைகளையும் நாட்களையும் அம்மொழியிலேயே பிழையற எழுதவும் படிக்கவும் வேண்டுமன்றோ?

படிக்கும் பணி எழுதும் பணியினும் கடினமானது. பாஸ்க் பல்கலைக்கழகத்தின் ஆஹோலாப் ஆய்வுக்குழு, எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளை அம்மொழிக்கு ஆக்கியுள்ளது. இத்தகைய மென்பொருளைச் செவியால் நம்பியிருப்போருள் பார்வையற்றோரும் உளர். வாக்கியத்தின் நடுவே வரும் இலக்கத்தைப் பொறி ஸ்பானியத்தில் ஒலித்தாலோ, உருபை விழுங்கினாலோ அவர்களால் பொருளைத் தொடர இயலாது. பாஸ்க் மொழியில் வேற்றுமை உருபு இலக்கத்தோடே ஒட்டி எழுதப்படும். நாளைக் குறிக்கையில் 2 'பியன்' எனவும், 5 'போஸ்தெயன்' எனவும் ஒலிக்கும். 10-இல் ஈற்று ரகரம் இரட்டித்து 'ஹமர்ரெயன்' ஆகும். எனவே எண்ணைச் சொல்லாக்கியபின் அதன் ஈற்றெழுத்தை நோக்கி உருபைப் புணர்த்தும் பகுதி ஒன்றையும் நிரலில் சேர்க்க வேண்டும்.

வரிசைப் பெயர்களுக்குக் 'கார்ரென்' என்னும் ஈறு சேரும். முதலாவது என்பதற்கு லேஹென் என்ற தனிச்சொல் உண்டு. ஆயினும் இருபத்தொன்றாவது என்னுமிடத்தில் அச்சொல் வாராது, 'ஹோகெய்தா பாத்கார்ரென்' என்றே வரும். ஐந்தாவதில் 'போஸ்த்' தன் ஈற்றுத் தகரத்தை இழந்து 'போஸ்கார்ரென்' ஆகிறது.