61 நாள், ஒரு சீப்பு மொந்தன்

நேத்து போன்ல நீ அழாத குறையா பேசினத நினைச்சா எனக்குச் சிரிப்புதான் வருது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்னு காசிமேட்டுப் பக்கம் வளர்ந்த உனக்கு நான் சொல்லணுமா? விசைப்படகெல்லாம் துறைமுகத்துல கட்டிக் கெடக்கும். ஃபைபர் போட்டுல வர்றது கொஞ்சம் மீன்தான், வஞ்சிரம்னா விலை கேட்டுட்டு நடையைக் கட்டணும். எண்ணூருக்கு வாக்கப்பட்டுப் போயிட்டு, "அவரு கவிச்சி இல்லாம சோத்துல கை வைக்க மாட்டேங்குறாருக்கா"ன்னு புலம்பறே. அமாவாசைக்கும் புரட்டாசி சனிக்கிழமைக்கும் அம்மா நம்ம அப்பாவ எப்படிச் சமாளிச்சாங்க, மறந்துட்டியா? வாழைக்காயை வஞ்சிரம் துண்டாட்டம் வெட்டித்தான்.

காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம் வரும்போது மொந்தன் காயா கேட்டு வாங்கு. குண்டா, அழுத்தினா கல்லாட்டம் இருக்கணும். காம்பைக் கிள்ளினா பால் வடியணும், வடியலன்னா பறிச்சு நாளாச்சு. வெட்டறதுக்கு முன்னாடி கையிலயும் கத்தியிலயும் எண்ணெய் தடவிக்கோ, கறை பட்ட நைட்டி அப்புறம் கரித்துணிக்குத்தான் ஆகும். தோலை மெல்லிசா மேலாப்புல சீவு. வெட்டின துண்டை உடனே மோர் கலந்த தண்ணியில போட்டுடு, கருக்காது.

இப்பதான் நீ வழக்கமா தப்பு பண்ற இடம். பச்சைக் காய்ல மசாலா தடவிக் கல்லுல போட்டா வெளிய கருகும், உள்ள நறுக்குனு நிக்கும். முழுசா வேகவச்சிட்டுப் போட்டாலோ திருப்பும்போது உடைஞ்சு பொடிமாஸ் ஆயிடும். சாய்வா, சுண்டுவிரல் கனத்துல நீளத் துண்டு போடு. உப்பு, மஞ்சத்தூள், ஒரு சுளை புளியைக் கரைச்ச தண்ணி கொதிக்கும்போது போட்டு அஞ்சு நிமிஷத்துல வடிச்சிடு. புளி பட்ட காய் சட்டுனு குழையாது, அந்தப் புளிப்பே மீன் வாசனைக்கும் பாதி தூரம் கொண்டுபோய் விட்டுடும். நல்லா ஆறட்டும். மிளகாத்தூள், மல்லித்தூள், சோம்புத்தூள், இடிச்ச பூண்டு இஞ்சி, ரெண்டு ஸ்பூன் அரிசி மாவு, அரை எலுமிச்சம்பழம், எல்லாத்தையும் கெட்டியாப் பிசைஞ்சு தடவி இருபது நிமிஷம் வை. தோசைக்கல்லுல எண்ணெய் விட்டு, சிறு தீயில, ஒரு பக்கம் சிவந்து தானா கல்லை விடற வரைக்கும் கரண்டியால நோண்டாதே. கடைசியா ஒரு கொத்து கறிவேப்பிலை. கண்ணை மூடிட்டுச் சாப்ட்டா முள்ளு மட்டும்தான் குறை.

இதே துண்டை மீன் கொழம்புக்குக் கூட்டற மாதிரி மிளகா, மல்லி, புளி கூட்டிக் கொதிக்க விட்டும் போடலாம். நல்லெண்ணெய்ல தாளி, மறுநாள் காலையில இட்லிக்கு ஊத்து. பூண்டும் பெருங்காயமும் தாராளமா போடு. இல்லேன்னா வாய்வுன்னு உன் மாமியார் மூஞ்சியைத் தூக்குவாங்க.

சரி, ஒரு சீப்பு வாங்கினா மூணாம் நாளே ரெண்டு காய் மஞ்சள் அடிச்சிடும், நீ குப்பையில போடுவே. அப்படிப் போடாதேன்னு சொல்லத்தான் இவ்ளோ தூரம் பேசறேன். கப்பல்ல வேலை பாக்கற நம்ம தம்பி போன தடவை கரீபியன் கடல் பக்கத்துத் துறைமுகத்துல இருந்து ஒரு போட்டோ அனுப்பினான். பொரிச்ச மீன், பக்கத்துல நசுக்கிப் பொரிச்ச வாழைக்காய். இன்னொரு தட்டுல கருத்துப்போன பழத்தைப் பொரிச்சு, சோறும் கறுப்பு பீன்சும். "அக்கா, இங்க வாழைக்காய் பழுத்துடுச்சேன்னு யாரும் கவலைப்படறதில்ல"ன்னான். பச்சை, மஞ்சள், கறுப்பு, மூணும் அவங்களுக்கு மூணு காய்கறி. இத்தனைக்கும் வாழை அந்த ஊருச் சொத்தே இல்ல, நம்ம ஆசியாப் பக்கத்து மரம். 1516-ல ஒரு ஸ்பெயின் பாதிரியார் கேனரித் தீவுல இருந்து கொண்டுபோய் நட்டதா சரித்திரம். போன இடத்துல அது ராணியாட்டம் வாழுது, பொறந்த வீட்ல பஜ்ஜிக்கு மட்டும் கூப்பிடறோம்!

அவன் சொன்னதைக் கேட்டு அந்த நசுக்கிப் பொரிச்ச வாழைக்காயை நான் மொந்தன்ல செஞ்சு பாத்தேன், சரியா வரல. அவங்க காய்க்கு நெருங்கின சொந்தம் நம்ம நேந்திரன்தான். அதனால பச்சை நேந்திரங்காயா வாங்கு. ஒரு அங்குலக் கனத்துல வட்டமா வெட்டி, மிதமான எண்ணெய்ல மஞ்சளாகற வரைக்கும் பொரிச்சு எடு. பால் கவரைக் கழுவிக் கிழிச்சு நடுவுல துண்டை வச்சு, சொம்போட அடியால ஒரே அழுத்து. அப்பளம் மாதிரி மெலிசாக்காதே, அரை விரல் கனம் போதும். சூட்டோட அழுத்தணும், ஆறினா விரிசல் விடும். அப்புறம் எண்ணெயை நல்லா காயவச்சு மொறுமொறுன்னு ரெண்டாவது தடவை பொரி. பூண்டைத் தட்டி உப்பு, எலுமிச்சைச் சாறு கலந்து மேல தெளி. போர்ட்டோ ரிக்கோவுல இதுக்கு டோஸ்டோனஸ்னு பேரு. என் பிள்ளைங்க இதை "குத்து பஜ்ஜி"ங்குதுங்க. டொமினிகன் குடியரசுல பச்சைக் காயை அவிச்சு மசிச்சு, மாங்கூன்னு காலைல நாஷ்டாவே அதான். அத நம்ம வீட்ல வச்சா ஒரு ஆள் உக்கார மாட்டாங்க, விட்டுடு.

மஞ்சளாயிட்ட காயை பஜ்ஜிக்கு எடுக்காதே. மாவுச்சத்து சர்க்கரையா மாறியிருக்கும், சீக்கிரம் கருகும், எண்ணெயும் குடிக்கும். அதைக் காரக்கொழம்புல போடு, இனிப்பும் உறைப்புமா இருக்கும். நேந்திரன் தோல் முழுக்கக் கருத்து, தொட்டா மெத்துன்னு இருந்தா பயப்படாதே, அதுக்கு அதுதான் பருவம். சாய்வா வெட்டி, ஒரு ஸ்பூன் நெய்யில சிறு தீயில பக்கத்துக்கு மூணு நிமிஷம். சர்க்கரையே வேணாம். சாம்பார் சோத்துக்குத் தொட்டுக்கோ, மொதல்ல சிரிப்பே, அப்புறம் எனக்குப் போன் பண்ணுவே. அண்ணிக்குச் சுகர் இருக்குன்னா அவங்களுக்குப் பச்சைக் காயே போடு, இது வேணாம்.

பழுக்காம ரெண்டு நாள் ஓட்டணும்னா முழுக் காயைத் தண்ணியில முக்கி வை, தண்ணியை தெனம் மாத்து. ஃபிரிட்ஜ்ல வச்சா தோல் கருக்கும், அப்புறம் ஒழுங்கா பழுக்கவும் செய்யாது. சீக்கிரம் பழுக்கணுமா, அரிசி டிரம்முக்குள்ள போடு.

சீவின தோலைத் தூக்கிப் போட்டுட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. வேகவச்சு, உளுத்தம்பருப்பு, காஞ்ச மிளகா, புளி வதக்கி அரைச்சா ஒரு துவையல் ஆச்சு. ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பாக்க வரும்போது ஒரு டப்பா கொண்டா. வர்ற வழியில பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடையில நின்னு வாழைத்தண்டு சூப்பைக் குடிச்சு வயித்தை ரொப்பிட்டு வராதே, நான் கொழம்பு வச்சிருப்பேன்.