பைனாகுலர் வாங்கப் போறீங்களா? வெர்னியரைக் கையில் எடுங்க!

மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர்



யார் கழுத்தில் பைனாகுலர் தொங்கினாலும் நாம கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பவர்?" என்பதுதான். விற்கிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பைனாகுலர் பெட்டி மேல்கூட 30×60, 50×50 என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள். நம்மைப் போன்ற மாணவர்கள் நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து, சில ஆயிரம் ரூபாய் தேற்றி வாங்குகிற பொருள் இது. ஏமாந்தால் இன்னொரு முறை வாங்கக் கையில் காசு இருக்காது. ஆனால் ஃபிசிக்ஸ் லேபில் பிடித்துப் பழகிய வெர்னியர் காலிப்பர் நமக்கு இருக்கிறது. பெட்டி சொல்வது மெய்யா, பொய்யா என்று அதைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். அந்த வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதைப் பார்க்கப் போகிறோம்?

"நம்ம வறண்ட பூமியில பார்க்கறதுக்கு என்னப்பா இருக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாயில் தண்ணீர் நின்றால் போதும். கொக்கு, நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான் எல்லாம் நம்மைத் தேடி வந்துவிடும். நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில், சாம்பல் நிற அணில்களுக்கென்றே 1988-ல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021-ல் அது மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. வனத்துறை அனுமதி உள்ள பகுதிக்கு மட்டுமே நாம் போகலாம்.

இந்த இரண்டு இடங்களுக்கும் தேவை வேறு வேறு. கண்மாய் திறந்த வெளி, வெளிச்சம் தாராளம். அணிலோ மர உச்சியில் இலைகளுக்கு நடுவே இருக்கும். அதை நிழலில், அதுவும் காலையிலோ மாலையிலோ தேட வேண்டும். அங்கே பவரை விட வெளிச்சம்தான் முக்கியம்.

இரண்டு எண்களின் கதை

8×42 என்று போட்டிருந்தால், 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 80 மீட்டர் தள்ளி நிற்கும் நாரை, 8 மடங்கில் 10 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். 10 மடங்கில் 8 மீட்டர். வித்தியாசம் அவ்வளவுதான்! ஆனால் பவர் கூடக் கூட நம் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும். 12-க்கு மேல் போனால் ஸ்டாண்டு இல்லாமல் பார்ப்பது கஷ்டம்.

இப்போது 42-ஐ 8-ஆல் வகுங்கள். 5.25 மி.மீ. வரும். பைனாகுலரிலிருந்து நம் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் விட்டம் இது. நல்ல வெயிலில் நம் கண்பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். மங்கலில் நம் வயதுக்காரர்களுக்கு 6, 7 மி.மீ. வரை விரியும். 10×25-ல் ஒளிவட்டம் 2.5 மி.மீ. மட்டுமே. கண்மாயில் பகலில் ஒப்பேற்றலாம்; காட்டு நிழலில் படம் இருட்டடிக்கும். 10×50-ல் 5 மி.மீ. கிடைக்கும், ஆனால் கனம் கூடும். ஆகவே கண்மாய்க்கும் காட்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்குவதானால் 8×40 அல்லது 8×42 என்பதே என் கணிப்பு.

செய்முறை: பெட்டி சொல்வது உண்மையா?

தேவையான பொருள்கள்: பைனாகுலர், வெர்னியர் காலிப்பர், ஒரு துண்டு டிரேசிங் பேப்பர்.

1. முன்கண்ணாடியின் விட்டத்தை அளக்கவும். கண்ணாடியில் வெர்னியரின் தாடை உரசக் கூடாது. இதை D என்க.

2. பைனாகுலரை வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடிக்கவும். சூரியன் பக்கம் மட்டும் கூடவே கூடாது. பைனாகுலர் வழியே சூரியனைப் பார்த்தால் பார்வையே போய்விடும்.

3. கண் வைக்கும் பக்கத்தில் டிரேசிங் பேப்பரைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தவும். ஓரிடத்தில் ஒளிவட்டம் கூர்மையாக விழும். அதைப் பென்சிலால் குறித்து அளக்கவும். இதை d என்க.

4. உருப்பெருக்கம் = D ÷ d.

உதாரணத்துக்கு, பெட்டியில் 30×60 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அளந்தால் D = 24 மி.மீ., d = 3 மி.மீ. என்றால் உண்மையான பவர் 8 தான். 60-ம் பொய், 30-ம் பொய்! இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. முன்கண்ணாடி 42 மி.மீ. இருக்கும். ஆனால் உள்ளே ஒரு வளையம் வைத்து ஒளியை மறைத்திருப்பார்கள். அப்போது ஒளிவட்டம் 5.25-க்குப் பதில் 4 மி.மீ. என்று வரும். கணக்கு உதைத்தால் அந்தப் பைனாகுலரை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

ஒளி எங்கே போகிறது?

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி எதிரொளித்து வீணாகிறது. உள்ளே பத்துப் பரப்புகள் இருந்தால் 0.96-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். 0.66 தான் வரும். மூன்றில் ஒரு பங்கு ஒளி காலி! 1935-ல் ஜெர்மனியின் ஜெய்ஸ் கம்பெனியில் ஸ்மாகுலா என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். இன்றைய பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்பின் இழப்பு அரை சதவீதத்துக்கும் குறைவு. அதே பத்துப் பரப்பில் 95 பங்கு ஒளி வந்து சேரும்.

இதையும் சோதிக்கலாம். முன்கண்ணாடியில் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேர் என்று தெரிந்தால் பூச்சு இல்லை. மங்கலாகப் பச்சை, ஊதா நிறத்தில் தெரிந்தால் பூச்சு உண்டு. ரத்தச் சிவப்பாக ஜொலித்தால் மயங்கிவிடாதீர்கள். அந்தப் பூச்சு சிவப்பொளியை வெளியே துரத்துவதால் பறவையின் நிறம் மாறித் தெரியும்.

எந்த வகை?

உள்ளே இருக்கும் முப்பட்டகத்தைப் பொறுத்து இரண்டு வகை. குழாய் நடுவில் தோள்போல் விலகியிருப்பது போரோ வகை. இத்தாலியரான போரோ 1854-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. நேர்க்குழாயாக இருப்பது ரூஃப் வகை. இது அடக்கமானது, ஆனால் இதன் முப்பட்டகத்தை மிகத் துல்லியமாகச் செய்ய வேண்டும், சிறப்புப் பூச்சும் தேவை. ஆகவே குறைந்த விலையில் இரண்டும் கிடைத்தால் போரோவே பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

பார்வைப் பரப்பையும் கவனியுங்கள். 7 டிகிரி என்றால் 1000 மீட்டர் தூரத்தில் சுமார் 122 மீட்டர் அகலம் தெரியும். அகலம் குறைந்தால் பறக்கும் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போயே போய்விடும். கண்ணாடி அணிந்தவர்கள், கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 15 மி.மீ.க்கு மேல் இடைவெளி தருவதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கியதும் செய்ய வேண்டியது: இடது கண்ணால் மட்டும் ஒரு போர்டைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு வலது கண்ணால் மட்டும் பார்த்து, வலது பக்க வளையத்தைத் திருகுங்கள். அதன்பின் நடுச்சக்கரம் மட்டும் போதும். ஐந்து நிமிடம் பார்த்ததும் தலைவலித்தாலோ, பிம்பம் இரண்டாகத் தெரிந்தாலோ இரு குழாய்களும் இணையாக இல்லை என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிட்டப் போனால் என்ன?

"இவ்வளவு பாடு எதுக்கு? கிட்டப் போய்ப் பார்த்துட்டா போச்சு" என்று சிலர் கேட்பார்கள். கூட்டில் இருக்கும் தாய்ப்பறவை நம்மைக் கண்டு பறந்தால் முட்டை வெயிலில் காயும். காக்கை கொத்திக்கொண்டு போகும். நாம் பார்த்த மாதிரியும் இருக்க வேண்டும், பறவைக்கு நாம் வந்தது தெரியவும் கூடாது. பைனாகுலர் இருப்பதே அதற்காகத்தான்.

நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் பட்டாசுதான் சோறு போடுகிறது. பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. பிள்ளைகளும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்கித்தான் தீபாவளி கொண்டாடுகிறார்கள். அவ்வளவு பெரிய ஆசையை அவர்கள் விட்டுக்கொடுக்கும்போது, கரையில் ஐம்பது அடி தள்ளி நிற்பதில் நமக்கென்ன குறைந்துவிடும்?

ஆகவே நண்பர்களே, வர்ற மழைக்குக் கண்மாய் நிறையட்டும். கூட்டுச் சேருங்கள், அளந்து பார்த்து வாங்குங்கள், தள்ளி நின்று பாருங்கள். வெர்னியரை மட்டும் மறக்காமல் லேபில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!